பெட்டிக்குள் கை விட்டவன்

முன்னொரு காலத்திலே பொழில்நாடு என்றொரு நாட்டை வீரகம்பன் என்ற ராஜா ஆண்டு வந்தான். நல்லவன்தான், ஆனால் காலையில் ஒரு மனசு, மாலையில் ஒரு மனசு. யாரை யானைமேல் ஏற்றுவான், யாரை யானைக் காலில் இடுவான் என்று அவனுக்கே தெரியாது.

அவன் சபைக்கு ஒருநாள் வஞ்சி என்ற பெண் வந்தாள். குளத்தில் வளரும் நெட்டித் தண்டைச் சீவிச் சின்னச் சின்ன உருவங்கள் செய்கிறவள். மூன்று சாண் பெட்டி ஒன்றை வைத்து மூடியைத் திறந்தாள். உள்ளே அதே சபை! விரல் உயரத் தூண்கள், எள்ளளவு சுடர் வைத்த விளக்குகள், கடுகுக் கண்ணோடு ஒரு கிளி, கொட்டாவி விடும் காவல்காரன், நடுவே அரியணையில் கட்டைவிரல் அளவில் ராஜா. மீசை ஒரு பக்கம் சற்றே தாழ்ந்திருந்தது. ராஜா தன் மீசையைத் தடவிப் பார்த்துவிட்டுச் சிரித்தான். பெட்டியைத் தன் ஓய்வறையில் வைக்கச் சொல்லி, வஞ்சிக்கும் அரண்மனையிலேயே இடம் கொடுத்தான்.

அன்றிலிருந்து ராஜாவுக்குப் பொழுதெல்லாம் பெட்டி முன்னேதான். இதில் வயிறெரிந்தவர் மல்லப்பர். ராஜாவோடு தினமும் சொக்கட்டான் ஆடுகிறவர். ஆட்டத்துக்கு நடுவே காதோடு காதாகச் சொல்லியே பலரை வாழவும் வைத்திருக்கிறார், கெடுத்தும் இருக்கிறார். இப்போது அவரை ஏறிட்டுப் பார்ப்பார் இல்லை.

ஒரு மாதம் போயிற்று. ஒருநாள் காலையில் ராஜா பெட்டியைத் திறந்தால், பொம்மை ராஜா சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்திருந்தான். யார் கையோ பட்டிருக்கும் என்று நேராக்கி வைத்தான். மறுநாள், பொம்மைச் சபையில் அத்தனை பேரும் அரியணைக்கு முதுகு காட்டி நின்றார்கள். மூன்றாம் நாள் அரியணை காலி. பொம்மை ராஜா தெற்கே தலை வைத்துத் தரையில் கிடந்தான். கழுத்துவரை வெள்ளைத் துணி போர்த்தியிருந்தது. வெளியே தெரிந்த கால் கட்டைவிரல் இரண்டையும் சேர்த்து நூலால் கட்டியிருந்தது.

ராஜாவுக்குச் சோறு இறங்கவில்லை. தன் கால் விரல்களையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். மல்லப்பர் மெல்லக் கிட்டே வந்து, இது சூனியம் என்றும், செய்தவளின் கட்டைவிரல்களை வெட்டினால்தான் கட்டு அறும் என்றும் சொன்னார். ராஜா ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை. அப்படியே ஆகட்டும் என்றான்.

வஞ்சியை இழுத்து வந்தார்கள். அவள் ராஜாவை நிமிர்ந்து பார்த்துச் சொன்னாள்:

"மகாராஜா, பெட்டிக்குள் கை விட்டது யாரென்று என் பொம்மையே காட்டும். விரல் இருக்கும்போதே அதைச் செய்ய ஒரு நாள் கொடுங்கள். காட்டாவிட்டால் வெட்டிக்கொள்ளுங்கள்."

ராஜா கொடுத்தான்.

மறுநாள் உச்சிவேளை. ஓய்வறைச் சன்னல்களை அடைத்து, புதுப் பெட்டி ஒன்றைக் கறுப்புத் திரைக்குள் வைத்திருந்தாள் வஞ்சி. அந்த அறைக்குள் நுழையும் உரிமை எட்டுப் பேருக்குத்தான் உண்டு. ஒவ்வொருவராகத் திரைக்குள் தலையை விட்டுப் பார்க்க வேண்டும். கண்டதை ராஜாவின் காதில் மட்டும் சொல்ல வேண்டும்.

உள்ளே அகல் வெளிச்சத்தில் இதே ஓய்வறை, சின்னதாக. தலைப்பாகை கட்டிய விரல் நீள மனிதன் ஒருவன் குனிந்து, தன்னைவிடச் சின்னப் பெட்டிக்குள் கை விட்டு நின்றான்.

முதலில் பார்த்த சேனாபதி வெளிறிப்போய் வந்தார். "அது என் முகம், மகாராஜா. கண் கூட அசைகிறது. ஆனால் நான் தொடவில்லை." அடுத்தவரும் அது தன் முகம் என்றே சொன்னார். ஏழு பேரும் அதையே சொன்னார்கள். ராஜாவுக்கு மயிர்க்கூச்செறிந்தது.

எட்டாவதாகப் போனார் மல்லப்பர். வெகுநேரம் திரைக்குள்ளேயே இருந்தார். வியர்வையைத் துடைத்துக்கொண்டு வந்து, "அந்தப் பெண்ணின் முகம்தான், மகாராஜா" என்றார்.

வஞ்சி ராஜாவையும் பார்க்கச் சொன்னாள். ராஜா தலையை விட்டான். பொம்மைக்கு அவன் முகம். அவன் வாயைத் திறந்தான், அதுவும் திறந்தது. அரண்டுபோய்த் தொட்டுப் பார்த்தான். சுண்டைக்காய் அளவில், தேய்த்துப் பளபளப்பாக்கிய வெள்ளி மணிதான் அந்தத் தலை.

"பார்ப்பவர் முகம்தான் அதில் தெரியும், மகாராஜா. குற்றமில்லாதவர்கள் பயந்தாலும் உள்ளதைச் சொல்லியிருப்பார்கள். தன் முகத்தைக் கண்டும் மறைக்கும் தேவை யாருக்கு?"

மல்லப்பர் ராஜாவின் காலில் விழுந்தார். மூன்று நாளும் செய்தது தானே என்று அழுதார்.

ராஜா திரையை விட்டு நகரவில்லை. "என் முகமும் தெரிந்ததே, வஞ்சி?"

"விசாரிக்காமல் என் விரலை வெட்டச் சொன்ன முகம் அது, மகாராஜா."

ராஜா தலையைக் குனிந்து அவளைக் கும்பிட்டான். நெட்டி வளரும் பெரிய குளத்தையும் கரையையும் அவளுக்கே எழுதிக் கொடுத்தான். மல்லப்பருக்கு ஒரே ஒரு வேலை. தினமும் காலையில் அந்த வெள்ளி மணியைத் துடைத்து, அதில் தெரிவது யார் என்று சபையில் வந்து சொல்ல வேண்டும்.

சாகும்வரை சொன்னார். அவருக்குப் பின் அதைத் துடைக்க ஒருவரும் ஒப்பவில்லை. வெள்ளி கறுத்துப்போய், முகமே இல்லாமல், அந்தப் பொம்மை இன்னும் பெட்டிக்குள் கை விட்டபடியே நிற்கிறதாம்.