உள்ளங்கையில் ஃபோர்-கே

எங்கள் பஜாரில் தங்கப்பழம் அண்ணாச்சி வைத்ததுதான் சட்டம். உள்ளங்கை அகலத் திரையில், பெரிய டிவிக்கான ஃபோர்-கே துல்லியத்தில் படம் காட்டும் கேம் கருவிகளைக் கடை நிறைய இறக்கினார். பழசுக்கும் இதுக்கும் வித்தியாசமே தெரியலையே என்று வந்தவர்கள் திருப்பி வைத்துவிட்டுப் போனார்கள்.

அண்ணாச்சி ரிப்பேர் மேசையில் இருந்த பிலோமினாவைக் கூப்பிட்டார்.

"நாளைக்கு வாறவன் ஒவ்வொருத்தனுக்கும் வித்தியாசம் தெரியணும். இல்லன்னா நீ வேலைக்கு வராண்டாம்."

மறுநாள் வந்தவர்கள் எல்லாரும், "ஆமா, பழசுல படம் புள்ளி புள்ளியாத் தெரியுது, புதுசுல புள்ளியே தெரியல" என்றார்கள். அண்ணாச்சி பூரித்துப்போய் எட்டிப் பார்த்தார். வாட்ச் ரிப்பேர்காரர்கள் கண்ணில் மாட்டும் லென்ஸை பிலோமினா ஒவ்வொருவருக்கும் மாட்டிவிட்டுக்கொண்டிருந்தாள்.

"இத மாட்டிக்கிட்டு எவன் விளையாடுவான்?"

"அதத்தான் அண்ணாச்சி, அவங்களும் கேக்காங்க."

அவர் வாய் திறப்பதற்குள், அத்தனை புள்ளியையும் எரியவைத்த களைப்பில் புதுக்கருவி சார்ஜ் தீர்ந்து அணைந்தது. பிலோமினா அலமாரியின் அடித்தட்டிலிருந்து கட்டம் அடுக்கும் பழைய செங்கல் கேமை எடுத்து நீட்டினாள். பள்ளிக்கூட நாளில் அவர் பைக்குள் ஒளித்து விளையாடிய அதே சாதி. கறுப்புக் கட்டங்கள் ஒவ்வொன்றாக விழ விழ, அண்ணாச்சி ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

மதியமானது. பிலோமினா கேட்டாள்: "நாளைக்கு நான் வேலைக்கு வரணுமா, அண்ணாச்சி?"

அவர் தலை நிமிரவில்லை.

"வா. வரும்போது இதுக்கு ரெண்டு பேட்டரிக்கட்டை வாங்கிட்டு வா."