மர வில்லைக்காரி

கருமணி ஆற்றங்கரையில் தென்பாளை என்றொரு ராஜ்ஜியம். ரொம்பக் காலத்துக்கு முன்னால் அதைக் கேசரிவர்மர் என்ற ராஜா ஆண்டுகொண்டிருந்தார். நல்ல மனுஷர்தான். ஆனால் காலையில் ஒன்று சொல்வார், சாயங்காலம் அதையே மாற்றிச் சொல்வார். அவருக்குத் தேவநாதர் என்றொரு மந்திரி. பெரிய மூளைக்காரர். அரண்மனை அதிகாரி கஸ்தூரிரங்கருக்கு அவரைக் கண்டாலே வயிறு எரியும்.

ஆற்றைக் கடக்க ஒரே ஓடம்தான் இருந்தது. யார் முதலில் ஏறுவது என்று துறையில் தினமும் அடிதடி. ஒருநாள் ராஜாவின் கிளிக்கூண்டே தண்ணீரில் விழுந்துவிட்டது.

"மந்திரியாரே, நாளைக்குள் இதற்கு ஒரு வழி பண்ணும்!" என்று கத்தினார் ராஜா.

மறுநாளே தேவநாதர் ஓடத்தில் ஏறும்போது காட்ட மூன்று வகை வில்லைகள் செய்துகொண்டு வந்தார். அவசர அரச காரியத்துக்குப் பொன் வில்லை. அரண்மனைச் சரக்குக்குச் செப்பு வில்லை. மற்ற எல்லாருக்கும் மர வில்லை. பொன் வந்தால் செம்பு ஒதுங்க வேண்டும், செம்பு வந்தால் மரம் ஒதுங்க வேண்டும். அன்றோடு துறையில் சண்டை நின்றது. ராஜா மகிழ்ந்துபோய் மந்திரிக்கு முத்துமாலை போட்டார். கஸ்தூரிரங்கர் பல்லைக் கடித்துக்கொண்டே கைதட்டினார். பிறகு ராஜாவிடம் குழைந்து பேசி, தம் சொந்தக்காரர்களுக்கென்று நூறு செப்பு வில்லைகள் வாங்கிக்கொண்டார்.

ஆவணி மாதம் இளவரசி செண்பகவல்லிக்கு வலது கண்ணில் புண் வந்தது. ஏழு வயசுப் பிள்ளை. அக்கரை மலையில் இருக்கும் ஒரு பச்சிலையை அன்றைக்கே பறித்து அன்றைக்கே பிழிந்து விட்டால்தான் பார்வை தங்கும் என்றார் வைத்தியர். இருளாயி என்கிற பச்சிலைக்காரிக்கு ஆள் போயிற்று. வைத்தியர் இடுப்பில் பொன் வில்லை இருந்தது. ஆனால் அவர் இக்கரையில், பச்சிலை அக்கரையில். அவள் இன்னும் மலையில் தேடிக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்து அவர் காத்திருந்தார்.

அவளோ பச்சிலை மூட்டையும் மர வில்லையுமாகக் காலையிலேயே அக்கரைத் துறைக்கு வந்துவிட்டாள். அன்றைக்குப் பார்த்துக் கஸ்தூரிரங்கரின் மகனுக்குக் கல்யாணம். மேளக்காரர்கள், கரும்புக் கட்டு, வாழைத்தார், பந்தல் துணி என்று வந்ததெல்லாம் செப்பு வில்லை. ஓடம் வரும், செம்பு ஏறும், மரம் நிற்கும். திரும்பவும் வரும், திரும்பவும் செம்பு.

"ஐயா, வைத்தியர் எனக்காகக் காத்துக்கிட்டிருக்கார்!"

"எல்லாரும் அப்படித்தாம்மா சொல்றாங்க. வில்லையைக் காட்டு" என்றான் ஓடக்காரன். அவன் மேல் தப்பில்லை, அவனுக்குச் சொன்னது அதுதான்.

உச்சி வேளைக்கு அக்கரைத் துறையைப் பார்வையிட வந்திருந்த தேவநாதர் பொன் வில்லையோடு ஓடத்தில் ஏறினார். இருளாயி அவர் காலடியில் மூட்டையை வைத்துக் கும்பிட்டாள். "சாமி, இலை வாடுது சாமி!"

மந்திரிக்குத் தம் ஏற்பாடு ஒழுங்காக நடப்பதில் ஒரே பெருமை. என்ன இலை, யாருக்கு என்று கேட்கவில்லை. "முறைப்படி வாம்மா. ஒருத்தருக்காக வளைத்தால் முறையே கெட்டுவிடும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

பொழுது சாய்ந்த பிறகுதான் இருளாயி அரண்மனை வாசலை மிதித்தாள். இலை துவண்டிருந்தது. அந்தக் கண் போய்விட்டது.

ராஜா துடித்தார். கஸ்தூரிரங்கர் முந்திக்கொண்டார். "பிரபோ, இந்தச் சோம்பேறிதான் காரணம். தாமதித்த கையை வெட்ட வேண்டும்!"

"அப்படியே ஆகட்டும்!" என்றார் ராஜா.

அந்த இலை இளவரசியின் கண்ணுக்குத்தான் என்பதை வைத்தியர் வாயால் தேவநாதர் அப்போதுதான் கேட்டார். துறையில் தம் காலடியில் கிடந்த மூட்டையை அவர் பார்த்திருந்தார். மெல்ல எழுந்தார். "மகாராஜா, நாளை மதியம் தாங்கள் சாப்பிட்டு முடித்தபின் தண்டனையை நிறைவேற்றலாமே?" ராஜா தலையாட்டினார்.

மறுநாள் மதியம் இலை போட்டாகிவிட்டது. சோறு வரவில்லை. ஒரு நாழிகை ஆயிற்று, இரண்டு நாழிகை ஆயிற்று.

"எங்கே சாப்பாடு?" என்று உறுமினார் ராஜா.

சமையற்காரர் ஓடி வந்தார். "எல்லாம் தயார் மகாராஜா. உப்பு மட்டும் வரவில்லை. இன்றைக்குச் சமையல்கட்டு வாசலிலும் வில்லை முறை என்று மந்திரியார் உத்தரவு. உப்புக்காரனிடம் மர வில்லை. பூக்கூடை, வெற்றிலைக்கட்டு, சாம்பிராணி என்று செப்பு வில்லைகள் வந்துகொண்டே இருக்கின்றன."

"நான் ராஜா! என்னிடம் இருப்பது பொன் வில்லை!"

"ஆமாம் மகாராஜா," என்றார் தேவநாதர். "பொன் இங்கே பசியோடு உட்கார்ந்திருக்கிறது. அதற்கு வேண்டியது மரத்தின் கையில். நடுவில் புகுந்து வழியை அடைத்தது செம்பு. நேற்றுத் துறையில் நடந்ததும் இதேதான். இருளாயி காலையிலிருந்து கத்தினாள். நான் ஓடத்தில் ஏறும்போதும் கத்தினாள். முறை போட்டவன் நான், அவளை நிற்க வைத்தவனும் நான். வெட்டுவதானால் இந்தக் கையை வெட்டுங்கள்."

ராஜா வெறும் இலையைத் தள்ளி வைத்தார்.

"நேற்றுத் துறையை அடைத்த செப்பு வில்லைகள் யாருடையவை?" என்றார்.

கஸ்தூரிரங்கர் தலை கவிழ்ந்தது. நூறு வில்லைகளும் பறிபோயின. ஒரு வருஷம் அவர் மர வில்லையோடுதான் ஆறு கடக்க வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. இருளாயிக்கு விடுதலை. துறையிலும் புது உத்தரவு வந்தது: பொன் வில்லைக்காரர் எவருக்காகக் காத்திருக்கிறாரோ அவர் கையில் எது இருந்தாலும் அது பொன்தான். யாருக்காகப் போகிறாய் என்று ஓடக்காரன் ஒவ்வொருவரையும் கேட்டே ஆக வேண்டும்.

மந்திரியின் புத்தியை மெச்சி ராஜா ஒரு கிராமத்தையே எழுதித் தர வந்தார். "வேண்டாம் மகாராஜா, இந்தப் புத்தி ஒருநாள் பிந்தி வந்தது" என்று தேவநாதர் மறுத்துவிட்டார்.

இருளாயியிடம் போய் மன்னிப்புக் கேட்டார். அவள் கோபப்படவில்லை. "நீங்க ஒரு வார்த்தை கேட்டிருந்தா போதும் சாமி" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

பிறகு அந்தப்புரத்துக்குப் போனார். கட்டுப் போட்ட கண்ணோடு குழந்தை உட்கார்ந்திருந்தாள்.

"மந்திரி மாமா, இந்தக் கண் எப்போ தெரியும்?"

தேவநாதர் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

"இனிமேல் தெரியாதும்மா," என்றார். "என்னால்தான்."