வாழை கொடுத்த நார்

மரமும் பறவையும் மனிதரோடு பேசிக்கொண்டிருந்த காலம் அது. அப்போது மனிதரின் தோல் இப்போதுபோல் ஒரே போர்வையாக இல்லை. சின்னஞ்சிறு இதழ்கள், ஒன்றையொன்று தொட்டபடி உடம்பின்மேல் சும்மா அமர்ந்திருந்தன. ஒட்டும் கிடையாது, கட்டும் கிடையாது.

அதில் ஒரு சுகம் இருந்தது. வெயில் தாழ்ந்ததும் ஊரே ஆற்றில் இறங்கும். இதழ்கள் கழன்று தண்ணீரில் மிதக்கும். யாருடையது எது என்று தெரியாமல் கலந்து சுற்றும். பகலெல்லாம் பட்ட புழுதியும் புழுக்கமும் அப்படியே போய்விடும். கரையேறி ஒரு முறை கூப்பிட்டால் போதும், அவரவர் இதழ் அவரவரைத் தேடி வந்து அமரும். அலரியின் மகள் தும்பிக்கு மூன்று வயது. இதழ்கள் வந்து அமரும்போது கூச்சம் தாங்காமல் சிரித்துச் சிரித்து மணலில் விழுவாள்.

ஒரு வருஷம் ஆடிக் காற்று அதுவரை இல்லாத வேகத்தில் வந்தது. தினைக்கொல்லையில் நின்ற தும்பியின் முதுகிலிருந்தும் தோளிலிருந்தும் இதழ்களை வாரிக்கொண்டு போனது. அலரி கத்திக் கத்திக் கூப்பிட்டாள். காற்றின் இரைச்சலில் அவற்றுக்குக் கேட்கவில்லை. தோல் போன இடங்களில் உடம்பின் நீர் கசிந்தது. உச்சி வெயிலிலும் குழந்தை குளிரில் நடுங்கினாள்.

அலரி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாழைத்தோப்புக்கு ஓடினாள். எந்தக் காற்றிலும் கிழியாத இலை அன்றைக்கு வாழை இலைதான். அவளுடைய நாத்தனார் பிடவி, முள்வேலியில் சிக்கியிருந்த இதழ்களை மடியில் பொறுக்கிக்கொண்டு பின்னாலேயே வந்தாள்.

தோப்பில் ஒரு தையல்சிட்டு கூடு தைத்துக்கொண்டிருந்தது.

“சிட்டே, இலையை இலையோடு தைக்கிறாயே. என் பிள்ளையின் தோலையும் தைத்துக் கொடு” என்றாள் அலரி.

“தைக்கலாம். ஆனால் என்னிடம் இருப்பது சிலந்தி நூல். உங்கள் உடம்புக்கு ஒரு நாள்கூடத் தாங்காது” என்றது சிட்டு. “இந்த வாழையின் இலையில் நரம்புக்கு நரம்பு நார் ஓடுகிறது. அது கிடைத்தால் தாங்கும்.”

அலரி வாழையை நிமிர்ந்து பார்த்தாள். கேட்க வாய் வரவில்லை. நாரைக் கொடுத்தால் இலை என்ன ஆகும் என்று அவளுக்கும் தெரிந்தது.

வாழை தன் காலடியில் முளைத்திருந்த கன்றைப் பார்த்தது. நடுங்கும் தும்பியைப் பார்த்தது. “எடுத்துக்கொள். இனி வரும் கன்றுகளுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்” என்றது.

சிட்டு அலரியிடம் திரும்பியது. “தைத்த தோல் கழலாது. ஆற்றில் இனி ஒன்றும் மிதக்காது. சம்மதமா?”

“தை” என்றாள் அலரி.

சிட்டு இதழை இதழோடு தைத்தது. பிறகு எல்லாவற்றையும் அடியிலிருந்த சதையோடு தைத்தது. கசிவு நின்றது. தும்பியின் நடுக்கமும் அடங்கியது.

சேதி பரவி ஊரே தோப்புக்கு வந்தது. ஏழு நாள் சிட்டு ஓயாமல் தைத்தது. கடைசியில் அலரியும் பிடவியும்தான் மிஞ்சினார்கள். நார் ஒருவருக்குத்தான் இருந்தது.

“நீங்கள் தைத்துக்கொள்ளுங்கள், அண்ணி. வயிற்றில் பிள்ளை இருக்கிறது” என்றாள் பிடவி.

“அடுத்த காற்றுக்கு நீ என்ன செய்வாய்?” அலரி சிட்டைப் பார்த்தாள். “ஆளுக்குப் பாதியாகத் தை.”

“இடம் விட்டு விட்டுத்தான் தைக்க வரும்.”

“வந்தவரைக்கும் தை.”

அதன் பிறகு ஊரார் ஆற்றில் இறங்கினால் பழைய ஞாபகத்தில் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். தும்பி கரையேறி வழக்கம்போலக் கூப்பிட்டுப் பார்த்தாள். வருவதற்கு எதுவும் இல்லை. எல்லாம் அவளிடமே இருந்தன.

மார்கழியில் அலரிக்கு மகன் பிறந்தான். பிடவி ஆசையாக வாரி எடுத்தாள். அவள் விரல் பட்ட இடமெல்லாம் தோல் நழுவி, அடியில் நீர் கோத்து, கொப்புளம் கொப்புளமாக எழும்பியது. தாயின் பாதித் தையல்தான் பிள்ளைக்கும் வந்திருந்தது. பிடவி பதறிப் பிள்ளையைத் தாயிடம் நீட்டினாள்.

“எனக்குக் கொடுத்த நார்தான் இவனுக்கு இல்லாமல் போயிற்று” என்று அழுதாள்.

“அப்படிச் சொல்லாதே. நீ இல்லாத வீட்டில் இவனை நான் எப்படி வளர்ப்பேன்?” என்றாள் அலரி.

துணியில் கிடத்தினால் துணியோடு தோல் வந்தது. பாயில் கிடத்தினால் பாயோடு வந்தது. இருவரும் அவனை ஏந்திக்கொண்டு தோப்புக்குப் போனார்கள். வாழையின் இலைகள் கிழிகிழியாகத் தொங்கின. அலரி பிள்ளையை அதனிடம் ஏந்திக் காட்டினாள்.

வாழைதான் முதலில் பேசியது. “கொடுக்க நார் இல்லையே, அலரி. விரியாத குருத்து ஒன்று இருக்கிறது. காற்று இன்னும் அதைத் தொடவில்லை. அறுத்து அவனைக் கிடத்து.”

குருத்து வழவழவென்று குளிர்ந்திருந்தது. பிள்ளையைக் கிடத்தினார்கள். எதுவும் ஒட்டவில்லை. பிறந்ததிலிருந்து முதல் முறையாக அவன் அழாமல் தூங்கினான். பிடவி தினமும் ஒரு குருத்து அறுத்து வந்தாள். விரலால் பற்றாமல், உள்ளங்கையில் ஏந்தியே அவனை வளர்த்தாள்.

வாழை தன் நாரைக் கொடுத்த அன்றிலிருந்துதான் அதன் இலை சின்னக் காற்றுக்கும் நரம்பு நரம்பாகக் கிழிகிறது. தையல் விட்டுத் தோல் உரிந்தவர்களை இன்றும் நாம் வாழை இலையில் கிடத்துவதும் அப்போது வந்த வழக்கம்தான்.