முள்ளம்பன்றியின் சுரங்கமும் முயலின் குரலும்

கரும்பாறை மேட்டுக்குக் கிழக்கே ஒரு காடு இருந்தது. மேற்கே இன்னொரு காடு இருந்தது. இரண்டுக்கும் நடுவே, மேட்டைக் குடைந்துகொண்டு ஒரு சுரங்கம் போயிற்று. அதைத் தோண்டியவர் ஒரு முள்ளம்பன்றி. ஈட்டிமுதுகர் என்று பெயர்.

மேட்டின் மேலே ஒளிந்துகொள்ள ஒரு புதர்கூடக் கிடையாது. வானத்தில் கழுகுகள் வட்டமிட்டபடியே இருக்கும். அதனால் இரண்டு காட்டு விலங்குகளும் சுரங்கத்தையே நம்பியிருந்தன. வாசலில் மூட்டையை வைத்துக் குரல் கொடுத்தால், ஈட்டிமுதுகரின் பிள்ளைகள் அதை முதுகு முள்ளில் குத்திச் சுமந்துபோய் மறுபக்கம் சேர்ப்பார்கள். குரலும் சுரங்கம் வழியாக மறுபக்கம் தெளிவாகக் கேட்கும். இதற்காக ஒவ்வொரு குடும்பமும் பௌர்ணமிதோறும் ஒரு கிழங்கு கொடுத்தது.

"யார் மூட்டையானாலும் சரி, உள்ளே எது இருந்தாலும் சரி, வந்த வரிசையில் போகும்!" என்று ஈட்டிமுதுகர் முதல் நாளே வாக்குக் கொடுத்திருந்தார்.

அந்தக் கோடையில் மேற்குக் காட்டில் தீப் பிடித்தது. புல் பூண்டுகூட மிஞ்சவில்லை. சாம்பல் மூடிய சரிவில் செவியன் என்ற முயல் நின்று கீழே பார்த்தான். அவன் நடுவயதைத் தாண்டியவன். எதையும் மனதுக்குள் போட்டுப் புரட்டிக்கொண்டே இருப்பவன்.

"முதல் மழைக்குள் இந்த மண்ணில் விதை இறங்க வேண்டும். இறங்காவிட்டால் மண்ணைப் பிடித்துக்கொள்ள ஒரு வேரும் இருக்காது. மழை அத்தனையையும் அடித்துக்கொண்டு போய்விடும். அப்புறம் என் பிள்ளைகளுக்கு வெறும் பாறைதான்!" என்று அவன் சொன்னான்.

நல்லவேளையாக, இரண்டு காட்டிலும் சிறிய விலங்குகளுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. யாருக்காவது ஒரு விதை வேண்டுமென்றால் சுரங்க வாசலில் நின்று கேட்பார்கள். யாரிடம் இருக்கிறதோ அவர்கள் ஆளுக்கு ஒரு பிடி அனுப்புவார்கள். பத்து வளைகளிலிருந்து பத்துப் பிடி வந்து ஒரு குவியலாகிவிடும். வாங்கியவர் அடுத்தவருக்குக் கொடுப்பார். இந்தக் கூட்டத்தில் யாரும் "போதும்" என்று சொல்லமாட்டார்கள். தன் தேவை தீர்ந்தவர், "இனி என்னிடம் கேளுங்கள்!" என்பார். அதுதான் மரியாதை.

செவியன் கேட்டான். கிழக்கே வரிச்சி என்ற அணில் அனுப்பத் தொடங்கினாள். அவளோடு எலிகளும் மற்ற அணில்களும் சேர்ந்துகொண்டார்கள். புல் விதை வந்தது. நாவல் கொட்டை வந்தது. மேற்குக் காட்டு விலங்குகள் எல்லாரும் மண்ணைக் கிளறி விதைத்தார்கள். கால்வாசிச் சரிவு முடிந்தது.

பிறகு விதை மூட்டைகள் மெதுவாக வரத் தொடங்கின. காலையில் வைத்தது மறுநாள் வந்தது. அப்புறம் அதுவும் நின்றது.

செவியன் வாசலில் நின்று கூப்பிட்டான். "வரிச்சி! வேங்கை விதை இன்னும் வரவில்லையே!"

சுரங்கத்துக்குள்ளிருந்து வரிச்சியின் குரல் வந்தது. "தீர்ந்துபோச்சு அண்ணே! இனிமேல் கேட்காதே!"

செவியன் திரும்பி வந்து சாம்பலில் உட்கார்ந்தான். ரொம்பக் கேட்டுவிட்டோமோ? போன வருஷம் அவள் இலுப்பைக் கொட்டை கேட்டபோது நாம் தாமதமாகத்தான் அனுப்பினோமோ? வாய் கூசாமல் கேட்டுக்கொண்டே இருந்தால் யாருக்குத்தான் சலிக்காது? 'கேட்டது போதும், நிறுத்து' என்று இரண்டு நாள் தனக்குள்ளேயே சொல்லிக்கொண்டு கிடந்தான்.

மூன்றாம் நாள் தென்மேற்கே மேகம் ஒரு கோடு போலத் தெரிந்தது. அவன் எழுந்தான்.

"தப்பு என்னுடையதாகவே இருக்கட்டும். அதை அவள் முகத்துக்கு நேரே கேட்டுவிடுகிறேன்!" என்றான்.

"எப்படிப் போவாய்? சுரங்கம் குறுகல். உள்ளே உதிர்ந்த முள்ளாகக் கிடக்கிறது. மேட்டின் மேல் போனால் கழுகு!" என்று மற்றவர்கள் பதறினார்கள்.

செவியன் சாம்பலில் விழுந்து புரண்டான். காது நுனிவரை கரிய பாறையின் நிறமானான். பிறகு மேட்டில் ஏறினான். கழுகின் நிழல் தன்மேல் விழும்போதெல்லாம் அசையாமல் கல்லாகக் கிடந்தான். நிழல் நகர்ந்ததும் ஓடினான். பொழுது சாய்வதற்குள் கிழக்குக் காட்டில் இறங்கிவிட்டான்.

வரிச்சி அவனைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"யாரது, அடுப்புக்குள்ளிருந்து எழுந்து வந்த மாதிரி? ஓ, பெரிய மனுஷரா! போதும் போதும் என்று விரட்டிவிட்டு இப்போது எதற்கு வந்தீர்?"

"விரட்டினேனா? நான் எப்போது போதும் என்றேன்?"

"உன் வாயால்தான் சொன்னாய்! 'போதும், நிறுத்து, உன் புழு தின்ற விதை யாருக்கு வேண்டும்' என்றாய். நான் அழுதுகொண்டே மூட்டையைப் பிரித்தேன். இதோ, வேங்கை விதை இன்னும் குவியலாகக் கிடக்கிறது!"

செவியன் அந்தக் குவியலைப் பார்த்தான். "தீர்ந்துபோச்சு என்று நீ சொன்னாயே!"

"நானா?"

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"வரிச்சி, நம் கூட்டத்தில் யாராவது போதும் என்று சொல்லிக் கேட்டிருக்கிறாயா?" என்று செவியன் மெல்லக் கேட்டான்.

வரிச்சியின் வால் ஆடுவதை நிறுத்தியது. "இல்லை அண்ணே. கோபத்தில் எனக்கு அது தோன்றவே இல்லை. இதைச் சொன்னது நம் வழக்கம் தெரியாத எவனோ!"

இருவரும் சுரங்க வாசலுக்குப் போனார்கள். செவியன் வாயை இறுக மூடிக்கொண்டான். வரிச்சி உள்ளே பார்த்துக் கத்தினாள். "செவியண்ணே! வேங்கை விதை அனுப்பட்டுமா?"

"போதும்! நிறுத்து!" என்று சுரங்கத்துக்குள்ளிருந்து பதில் வந்தது.

அது செவியனின் குரல். அவன் குரலின் கரகரப்பு, வார்த்தைக்கு முன்னால் அவன் விடும் சிறு பெருமூச்சு, எல்லாம் அப்படியே இருந்தன. இரண்டு நாளாக மனதுக்குள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்ததை யாரோ அவன் வாயைத் திருடிச் சொல்லிவிட்டார்கள். தன் குரலுக்காகத்தான் சண்டை போட வேண்டும் என்று அவனுக்கு அப்போது புரிந்தது.

"கரிச்சான்! சுரங்கத்து நடுவில் வெளிச்சம் வருகிற ஓட்டை இருக்கிறதே, அங்கே ஒரு கரிச்சான் குருவியை வேலைக்கு வைத்திருக்கிறார்கள். எந்தக் குரலையும் அப்படியே பேசுவான்! நாம் கத்துவது மறுபக்கம் போவதற்குள் அவனே முந்திப் பதில் சொல்லிவிடுகிறான்!" என்றாள் வரிச்சி.

அந்த நேரம் கரடியார் ஒரு தேனடையோடு வந்தார். அவருடைய தங்கை குடும்பம் மேற்கே இருந்தது. அவர்களுக்குத் தினமும் தேன் அனுப்புவார். வேகமாகப் போகவேண்டும் என்று ஈட்டிமுதுகருக்கும் ஓர் அடையைத் தனியாகக் கொடுப்பார்.

நடந்ததைக் கேட்டுவிட்டுக் கரடியார் கொட்டாவி விட்டார். "என் தேன் ஓடுகிறது. உங்கள் விதை நின்றுவிட்டது. அதற்கு நான் என்னப்பா செய்ய?"

"ஒன்றே ஒன்று செய்யுங்கள். இன்றைக்குத் தேனுக்குப் பதிலாக விதை அனுப்புவதாக உங்கள் தங்கையிடம் சொல்லிப் பாருங்கள்!" என்றான் செவியன்.

கரடியார் சிரித்தபடி உள்ளே குனிந்தார். "தங்கச்சி! இன்றைக்கு ஒரு மூட்டை வேங்கை விதை அனுப்புகிறேன். வாங்கிக்கொள்!"

"வேண்டாம் அண்ணா! நீயே வைத்துக்கொள்!" என்று தங்கையின் குரல் வந்தது.

கரடியாரின் சிரிப்பு மறைந்தது. "என் தங்கை பிறந்ததிலிருந்து நான் கொடுத்த எதையும் வேண்டாம் என்று சொன்னதே கிடையாது! கொடுக்காததையும் பிடுங்கிக்கொள்வாள்! யாரடா அவன், என் வீட்டுக் குரலில் பேசுகிறவன்? இந்தச் சுரங்கத்தை இப்போதே மிதித்து மூடுகிறேன்!"

செவியன் குறுக்கே போய் நின்றான். கரடியின் பாதத்துக்கு முன்னால் அவன் ஒரு கூழாங்கல் அளவுதான் இருந்தான். ஆனாலும் நகரவில்லை.

"மூடினால் தேனும் போகாது, விதையும் போகாது! சுரங்கம் நமக்கு வேண்டும். மூட்டையை முகர்ந்து பார்த்து விதையைத் தடுக்கிற மூக்கும் கள்ளக் குரலும்தான் வேண்டாம்."

"சரி, என்ன செய்யலாம்?"

"தேன் எது, விதை எது என்று தெரிவதால்தானே பிரிக்கிறார்கள்? தெரியாமல் செய்துவிடுவோம்!"

மறுநாள் கிழக்குக் காடு முழுவதும் தேக்கிலை பறித்தது. விதையைத் தேக்கிலையில் கட்டினார்கள். தேனடையையும் தேக்கிலையில் கட்டினார்கள். மான் தன் தம்பிக்கு அனுப்பிய உப்புக்கல்லும் தேக்கிலைக்குள் போயிற்று. எல்லா மூட்டையும் ஒரே அளவு, ஒரே நார்க்கட்டு. ஒவ்வொரு மூட்டையின் மேலும் கொஞ்சம் தேனைத் தடவினார்கள். முகர்ந்தாலும் தெரியாது! கொண்டுவந்து வைத்தவர்கள் யாரும் வாயைத் திறக்கவில்லை.

சுரங்கத்துக்குள் குழப்பம் தொடங்கியது.

"முதலாளி! எது விதை? யார் குரலில் பேசுவது?" என்று கரிச்சான் கத்தினான்.

"எல்லாவற்றையும் மெதுவாக அனுப்பு!" என்றார் ஈட்டிமுதுகர்.

எல்லாம் மெதுவானது. உடனே மறுபக்கத்திலிருந்து கரடியாரின் தங்கை உறுமினாள். "தேன் எங்கே?" அந்த உறுமலில் சுரங்கத்தின் கூரையிலிருந்து மண் உதிர்ந்தது. அதன்மேல் போலிக் குரல் எழுப்பக் கரிச்சானால் முடியாது!

"ஐயோ, எல்லாவற்றையும் வேகமாக அனுப்பு!" என்றார் ஈட்டிமுதுகர்.

எல்லாம் வேகமாகப் போயிற்று. விதையும் போயிற்று.

மாலையில் அவர் முள்ளைச் சிலிர்த்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். "நான் தோண்டிய சுரங்கம் இது! நகம் தேயத் தோண்டியது நான்! சாயங்கால நேரத்தில் உள்ளே எவ்வளவு நெரிசல் தெரியுமா? இந்தப் பொடிப் பயல்கள் ஓயாமல் விதை மூட்டை வைக்கிறார்கள். மற்றவர்கள் மூட்டை மாட்டிக்கொள்கிறது. அதைச் சரி செய்தது ஒரு குற்றமா?"

அந்த முள்ளம்பன்றி சொன்னதில் உண்மையும் இருந்தது. இல்லையென்று சாதிக்கச் செவியனுக்கு மனம் வரவில்லை.

"நெரிசல் உண்மைதான் ஐயா. நீங்கள் தோண்டியதும் உண்மைதான். அதற்குத்தான் கிழங்கு கொடுக்கிறோம். சாயங்காலம் காத்திருங்கள் என்று வெளிப்படையாகச் சொல்லியிருந்தால் காத்திருப்போம். கரடியாரும் காத்திருக்கட்டும், நானும் காத்திருக்கிறேன். நீங்கள் அப்படிச் சொல்லவில்லை. என் சிநேகிதியிடம் என் குரலில் பொய் சொன்னீர்கள். அவள் என்னை வெறுத்தாள். நான் என்னையே வெறுத்தேன். இரண்டு பேரும் உங்களைச் சந்தேகிக்கவே இல்லை!"

ஈட்டிமுதுகரின் முட்கள் ஒவ்வொன்றாகப் படிந்தன. வாசலில் நின்ற விலங்குகளை அவர் சுற்றிலும் பார்த்தார். கரடி முதல் எலி வரை எல்லார் கையிலும் ஒரே மாதிரித் தேக்கிலை மூட்டை இருந்தது.

"நாங்கள் நாளைக்கும் இப்படித்தான் கட்டுவோம். மறுநாளும் கட்டுவோம். இந்தக் காட்டில் தேக்கிலைக்குப் பஞ்சமில்லை!" என்றாள் வரிச்சி.

"தனியாகக் கொடுக்கிற அடையும் இனிமேல் கிடையாது!" என்றார் கரடியார்.

"சரி சரி! வந்த வரிசையில் போகட்டும். நெரிசல் என்றால் எல்லாருக்கும் நெரிசல்," என்று ஈட்டிமுதுகர் முணுமுணுத்தார். பிறகு உள்ளே திரும்பிக் கத்தினார். "கரிச்சான்! இனி நீ வரிசையை மட்டும் சொல்! உன் சொந்தக் குரலில் சொல்!"

"என் சொந்தக் குரலா? அது எப்படி இருக்கும் என்று மறந்தே போச்சே முதலாளி!"

வேங்கை விதை அத்தனையும் அன்றே சுரங்கத்துக்குள் இறங்கியது. மறுநாள் மேகம் மேட்டின்மேல் வந்து கவிந்தது. கழுகுகள் கூட்டுக்குத் திரும்பின. செவியன் மேட்டின் மேல் ஒரே ஓட்டமாக ஓடி மேற்கே இறங்கினான்.

சரிவில் அவன் பிள்ளைகளும் எலிகளும் கீரிகளும் குனிந்து விதைத்துக்கொண்டிருந்தார்கள். கரடியாரின் தங்கை இரண்டு கையாலும் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தாள். அடிவாரத்தில் ஒரு துண்டு நிலம் மட்டும் பாக்கி இருந்தது. செவியன் அங்கே போய்த் தோண்டினான். கடைசி விதையை மூடி அவன் மண்ணைத் தட்டும்போது, அவன் முதுகில் முதல் துளி விழுந்தது. அவன் உடம்பில் ஒட்டியிருந்த சாம்பல் கரைந்து, புதைத்த விதையின்மேல் வழிந்தது.

அன்றிரவெல்லாம் மழை பெய்தது. காலையில் சரிவின் மண் சரிவிலேயே இருந்தது.

வழியைக் காப்பவர் வழியைக் காத்தால் போதும். வழியில் போகும் மூட்டையைத் தரம் பிரிக்கவும் பிறர் வாயால் பேசவும் தொடங்கினால், பெரியவரும் சிறியவரும் ஒன்றாக நின்றுதான் அந்த வழியை மீட்க வேண்டும்.