பதினொரு பூ

அந்த மலையில் அவ்வின மரங்கள் இரண்டே மிஞ்சியிருந்தன. ஒன்று மடத்து முற்றத்தில், மற்றது பள்ளத்துக்கு அக்கரையில். ஏழு ஆண்டுக்கு ஒருமுறைதான் பூக்கும்.

மரம் மொட்டு விட்ட சமயம், மடத்துத் தலைவி வடிவாம்பிகை அம்மை ஒரு நோயாளியைப் பார்க்க அடிவாரத்துக்குக் கிளம்பினார்.

"பூ உதிரும்வரை வெளியே விளக்கு வைப்பதில்லை. நினைவிருக்கட்டும், ஆபீசரே."

சீடர் திருமேனி அம்மையைவிடப் பத்து வயது மூத்தவர். வேளாண்மைத் துறையில் முப்பது ஆண்டு ஓட்டியவர். எண்ணெய்ச் சிக்கனம் போலிருக்கிறது என்று தலையாட்டி வைத்தார்.

மறுநாள் பார்த்தால் இலையெல்லாம் அந்துப்பூச்சியின் புழு. அவருக்குக் கை சும்மா இருக்கவில்லை. மரத்தடியில் ஒரு விளக்கு, கீழே சோப்புத் தண்ணீர்த் தொட்டி. எத்தனையோ வயல்களில் அவரே வைத்துக் காட்டிய விளக்குப்பொறி. தினமும் விடிந்தால் தொட்டி நிறைய அந்து.

இருபது நாள் கழித்து அம்மை திரும்பினார்.

"பாருங்கம்மா, புதுத் தளிர் ஒன்றில்கூட ஓட்டை இல்லை!"

"பார்க்கிறேன். பிஞ்சு எங்கே?"

திருமேனி அண்ணாந்தார். கிளைகளில் வெறும் காம்பு. காலடியில் வாடிய பூ.

"அக்கரைப் பூந்தூளை இங்கே யார் கொண்டுவருவார்கள் என்று நினைத்தீர்கள்?"

திருமேனி தொட்டியில் மிதந்த அந்துகளைப் பார்த்தார்.

"மரம் இரண்டுதானே அம்மா. அந்து கோடி இருக்கிறதே என்று..." பிறகு மெல்ல, "ஏன் என்று சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருக்க வேண்டும். அது என் தப்பு."

கூரையில் செருகியிருந்த மயிலிறகை உருவி அவரிடம் நீட்டினார். "உச்சிக் கிளையில் கொஞ்சம் பூ பாக்கி."

திருமேனி பள்ளம் இறங்கி, ஏறி, அக்கரைப் பூந்தூளை இறகில் ஒற்றி வந்தார். ஏணி போட்டு மரத்தில் ஏறினார். இறங்கும்போது முழங்கால் சிராய்த்திருந்தது.

"எத்தனை?"

"பதினொன்று. மிச்சம் எட்டவில்லை. இதாவது காய்க்குமா அம்மா?"

"தெரியாது."

"அடுத்த பூவுக்கு ஏழு ஆண்டு."

அம்மை தொட்டியோரம் குனிந்தார். மிதந்துகொண்டிருந்த ஓர் அந்தை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தார்.

"அந்தக் கோடியில் இது ஒன்று. ஏணி கேட்டதே இல்லை."