நாவல்பழ நிறம்

"நாலு வருஷம் ஆச்சு டீச்சர். ஒண்ணுகூட வரல. என்கிட்ட என்ன குறை?"

கேட்டவர் இருதயராஜ். அவருக்கு வயது ஐம்பத்தொன்பது. டீச்சருக்கு முப்பத்தொன்று.

தில்ஷாத் பேகம் இரண்டு வருடம் கல்லூரியில் விலங்கியல் நடத்தினாள். பிறகு அந்த வேலையை விட்டுவிட்டு, கொளத்தூரில் ஒரு ஷெட் போட்டு கிரேஃபிஷ் வளர்க்க ஆரம்பித்தாள். நல்ல தண்ணீரில் வாழும் சின்னச் சிங்கி இறால் அது. வீட்டுக் கண்ணாடித் தொட்டிகளில் வைத்து அழகு பார்ப்பார்கள். நீலம், ஆரஞ்சு, வெள்ளை எல்லாம் அவளிடம் இருந்தன. ஊரில் யாரிடமும் இல்லாத நிறத்தைத் தேடுகிறவர்கள் சுற்றிச் சுற்றிக் கடைசியில் அவளிடம்தான் வந்து நிற்பார்கள்.

அவள் அதிகம் பேச மாட்டாள்.

"எந்தக் கலர் வேணும், அங்கிள்?"

இருதயராஜ் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன அட்டையை எடுத்தார். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் முப்பத்திரண்டு வருடம் பெயின்ட் கலந்தவர் அவர். அந்த அட்டையில் இருந்த நிறமும் அவரே கலந்து பூசியதுதான்.

"நாவல்பழம் தின்னா நாக்குல ஒட்டுமே, அது."

"அப்படி ஒண்ணு நான் பார்த்ததில்லையே."

"நான் பார்த்தேன். என் தொட்டியில ஒரு தாய் இருந்துச்சு. உடம்பெல்லாம் சாதா பழுப்பு. இடுக்கி மடங்குற இடத்துல மட்டும் இந்தக் கலர். குண்டூசித் தலை அளவு. அவ்வளவுதான்."

"இப்ப அது?"

"போன தடவை குஞ்சு விட்டுச்சு. மறு வாரமே செத்துப்போச்சு."

அவர் குரல் கொஞ்சம் இறங்கியது.

"அதோட கடைசி ஈத்து. நாப்பத்தோரு குஞ்சு. இன்னைக்கு அறுபதாம் நாள். எல்லாமே சேத்துக் கலர்."

"அறுபதாம் நாள்ல என்ன?"

"இந்த அட்டையை ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல வெச்சுப் பார்ப்பேன். ஒத்துப்போகலேன்னா வாளியில எடுத்துடுவேன். கீழ்வீட்டுச் சம்பந்தம் ரெண்டு ஆஸ்கர் மீன் வளர்க்கிறார். ஆளை முழுங்குற சைஸ். அதுங்களுக்குத் தீனி."

"நாப்பத்தொண்ணுமா?"

"நாப்பத்தொண்ணும். வாளி வாசல்ல இருக்கு. நாலு மணிக்கு வந்து எடுத்துப்பார். இதோட விட்டுடறேன்னு வீட்டுலயும் சொல்லிட்டேன். ஸ்டெல்லா என்ன சொல்றா தெரியுமா? 'கர்த்தர் ஆறு நாள்ல உலகத்தையே படைச்சார். உங்களால நாலு வருஷத்துல ஒரு இறால் படைக்க முடியல.'"

தில்ஷாத் சிரித்தாள். பிறகு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். மணி இரண்டரை.

"அங்கிள், வெளிச் சுவத்துல ஒரு இடம் மழையில பேந்துபோச்சு. பூசியாச்சு. கலர் மட்டும் சேரணும். அடிச்சுத் தர்றீங்களா?"

இருதயராஜுக்கு முகம் விழுந்துவிட்டது. கேள்வி கேட்க வந்தவரிடம் சுண்ணாம்பு வேலை.

ஆனாலும் எழுந்தார். கலர் என்று சொன்ன பிறகு அவரால் உட்கார முடியாது.

*

பேந்து விழுந்த பழைய காரைத் துண்டு ஒன்றை அவள் கொடுத்தாள். இளநீலம். வெயில் தின்றது போக மிச்சம்.

வெள்ளை டிஸ்டெம்பர் டப்பாவைத் திறந்தார். நீலம் மூன்று சொட்டு விட்டார். துண்டைப் பார்த்தார். கறுப்பு அரைச் சொட்டு. குச்சியால் கிண்டினார். மறுபடி துண்டைப் பார்த்தார்.

"நேரம் ஆகுது அங்கிள்."

"கலருக்கு அவசரம் ஆகாதும்மா."

ஒரு துளி மஞ்சள் சேர்த்தார். திருப்தியாக இருந்தது. பிரஷ்ஷை நனைத்து இரண்டு கை அகலம் அடித்தார்.

தில்ஷாத் காரைத் துண்டை எடுத்து ஈரச் சுவரோடு ஒட்டிப் பிடித்தாள்.

"தப்பு."

"என்ன தப்பு?"

"இது கறுத்திருக்கு. அது வெளுப்பு. ஒத்துப்போகல. சுரண்டிடலாம்."

அவள் கையில் பட்டி பார்க்கிற தகடு இருந்தது. சுவரில் வைத்தே விட்டாள்.

இருதயராஜ் குறுக்கே கையை நீட்டினார்.

"கையை எடும்மா. என்ன பண்றே? ஈரமா இருக்கு அது. ஈரத்துல கலர் பார்க்கிறவனை நான் பெயின்ட் ஷாப்புக்குள்ளயே சேர்க்க மாட்டேன். காய்ஞ்சதைக் கொண்டுபோய் ஈரத்துக்குப் பக்கத்துல வெச்சா எந்தக் கலரும் தப்பாத்தான் தெரியும். காயட்டும். காய்ஞ்சப்புறம் சொல்லு, தப்பா சரியான்னு."

அத்தனை வருடக் கோபமும் அந்தக் குரலில் இருந்தது.

"சரி அங்கிள்," என்றாள் தில்ஷாத். "காயட்டும்."

தகட்டைக் கீழே வைத்துவிட்டு, தொட்டிகளுக்குத் தீனி போட உள்ளே போனாள்.

இருதயராஜ் பிரஷ்ஷோடு நின்றார். பிரஷ்ஷிலிருந்து ஒரு சொட்டு அவர் செருப்பில் விழுந்தது. இன்னொரு சொட்டும் விழுந்தது.

அவருடைய இடது கை தானாகச் சட்டைப் பைக்குப் போயிற்று. அட்டை அங்கேதான் இருந்தது. மொறமொறவென்று காய்ந்த அட்டை.

"டீச்சர்."

"சொல்லுங்க."

"அதுங்க எத்தனை தடவை மேலோடு உரிக்கும்?"

உள்ளேயிருந்து பதில் வந்தது.

"உயிரோட இருக்கிற வரைக்கும். கலரும் உரிக்க உரிக்கத்தான் தெளியும்."

*

ஆட்டோவில் ஏறிக்கொண்டே ஸ்டெல்லாவுக்குப் போன் செய்தார்.

"வாளியா? சம்பந்தம் அப்பவே வந்து தூக்கிட்டுப் போயிட்டாரே. ஆஸ்கர் பசியில கண்ணாடியை முட்டுதாம்."

"எப்ப?"

"மூணு மணி இருக்கும். ஏன், என்ன ஆச்சு?"

அவர் போனை வைத்துவிட்டார். மணி நாலாகப் பத்து நிமிஷம்.

சம்பந்தம் கதவைத் திறந்தபோதே சிரித்தார்.

"வாங்க சார். என் பசங்களுக்கு இன்னைக்குக் கல்யாண விருந்து. பாருங்க, நகர முடியல."

இரண்டு ஆஸ்கரும் தொட்டியின் அடியில் கிடந்தன. வயிறு இரண்டு பக்கமும் தள்ளியிருந்தது.

"எல்லாத்தையும் போட்டாச்சா?"

"வாளியோட கவுத்தாச்சு. முகம் ஏன் சார் இப்படி ஆயிடுச்சு? நீங்கதானே வேண்டாம்னு ஒதுக்கினீங்க."

இருதயராஜ் மீனின் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குள் நாற்பத்தொரு நிறம் இருந்தது. அதில் ஒன்றுகூட அவருக்குத் தெரியாது.

"அப்புறம், உங்க பைப்புத் துண்டு ஒண்ணு வாளியில மாட்டிக்கிட்டு வந்திருந்தது. எடுத்துட்டுப் போங்க. அதை என் பசங்க சாப்பிட மாட்டாங்க."

வாளியின் அடியில் இரண்டு விரல் தண்ணீர். அதில் விரல் நீளத்துக்கு ஒரு பிளாஸ்டிக் குழாய். குஞ்சுகள் ஒளிந்துகொள்ளத் தொட்டியில் அவர் போட்டிருந்தது.

எடுத்தார். ஒரு பக்கம் கண்ணை வைத்து வெளிச்சத்தில் பார்த்தார்.

மறுபக்கம் வெளிச்சம் தெரியவில்லை.

மெல்லச் சாய்த்தார். கால், இடுக்கி, மீசை எல்லாவற்றோடும் ஒன்று அவர் உள்ளங்கையில் விழுந்தது. சேத்துக் கலர். அசையவில்லை. கனமும் இல்லை.

உரித்துப் போட்ட வெறும் கூடு.

குழாய்க்குள் இன்னும் ஏதோ அடைத்துக்கொண்டிருந்தது. அவர் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தார். ஒரு மீசை வெளியே நீண்டது. சட்டென்று உள்ளே போயிற்று.

குழாயை வாளித் தண்ணீரிலேயே திரும்ப வைத்தார். வாளியை இரண்டு கையாலும் மார்போடு அணைத்துக்கொண்டு படியேறினார்.

"சார், ஒரு பைப்புக்கு ஏன் இவ்வளவு பவ்யம்?" என்று கீழேயிருந்து சம்பந்தம் கேட்டார்.

*

மொட்டை மாடியில் தொட்டிகள் எல்லாம் வெறும் தண்ணீரோடு காலியாக இருந்தன. ஒன்றில் மட்டும் குழாயை இறக்கினார். கூட்டையும் பக்கத்திலேயே போட்டார். பசித்தால் அது தன் கூட்டையே தின்னும்.

ஸ்டெல்லா பின்னாலேயே வந்துவிட்டாள்.

"விட்டுடறேன்னு சொன்னீங்க."

"சொன்னேன்."

அவள் குனிந்து பார்த்தாள். வெகுநேரத்துக்குப் பிறகு குழாயிலிருந்து அது பாதி உடம்பை நீட்டியது. கண்ணாடித் தாளைப்போல மெத்தென்று, கலங்கலாக, இதுதான் என்று சொல்ல முடியாமல் இருந்தது.

"ஒண்ணே ஒண்ணா?"

"ஒண்ணே ஒண்ணு."

"என்ன கலருங்க இது?"

இருதயராஜ் சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்தார். நிறம் தெரியாதபடி கவிழ்த்து, காலித் தொட்டி ஒன்றின் மேல் வைத்தார்.

"இன்னும் காயல, ஸ்டெல்லா."