தாசில்தாரை விட்டு இறங்காத கதை

நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் ஏரியில் போய்க் குதியுங்கள். எனக்கு ஒரு நட்டமும் இல்லை.

கொடைக்கானல் ஏரிக்கரையில் முப்பத்தோரு வருடமாகக் குதிரை விடுகிறேன். குதிரைக்காரர்கள் சட்டையில் குத்தும் நம்பர் வில்லைகளில் ஒன்றாம் நம்பர் என்னுடையது. வரிசையில் முதலில் நிற்பது நான்தான். அந்த வில்லையைப் பிடுங்கத்தான் எங்கள் குதிரைக்காரர் சங்கச் செயலாளர் சந்தியாகு அந்தத் திங்கட்கிழமை வருவதாகச் சொல்லியிருந்தான். புதிதாக ஒரு விதி போட்டிருந்தான். குதிரைக்காரன் பிறர் உதவியில்லாமல் தன் குதிரையில் ஏற வேண்டும். முடியாதவன் வரிசையில் கடைசிக்குப் போக வேண்டும். பிள்ளைகள் உட்கார்ந்த குதிரை மிரண்டு ஓடினால் ஏறித் துரத்த வேண்டுமாம். எனக்குத் தெரியாதா? என் இடது முட்டியை மனதில் வைத்து எழுதிய விதி அது.

தொண்ணூற்று மூன்றில் நடந்த பந்தயத்தில் என் சேணத்து வாரை அறுத்துவிட்டு ஜெயித்தவன் அவன். இல்லவே இல்லை என்று மாதா சிலைக்கு முன்னால் சத்தியம் பண்ணினான். பண்ணட்டும். அதைவிடப் பெரிய திமிர் ஒன்று உண்டு. எட்டு மாதமாக ஏரிக்கரைக்கு வந்தால் ஜீப்பை விட்டு இறங்குவதே கிடையாது. உட்கார்ந்த இடத்திலிருந்தே கையைச் சொடுக்கி எங்களைக் கூப்பிடுவான்.

அதனால் அன்று காலை எட்டு மணிக்கே நான் குதிரைமேல் தயாராக இருந்தேன். என் குதிரையின் பெயர் தாசில்தார். வாயில் எதையாவது வைக்காமல் ஓர் அடி நகராது, அதனால் வைத்த பெயர். டீக்கடை பவளக்கொடி டம்ளரை எட்டி மேலே கொடுத்தாள். இரண்டாம் நம்பர் வில்லைக்காரன் காதர் மைதீன் வந்து என்னை அண்ணாந்து பார்த்தான்.

"லூயிஸ் அண்ணே, ஆறு மணிக்குச் சர்ச் மதில்மேல நின்னுக்கிட்டு குதிரையப் பக்கத்துல இழுத்துக்கிட்டிருந்தீங்களே, என்ன விசேஷம்?"

"ஜெபம் பண்ணேன்."

"ஒத்தக் காலத் தூக்கிக்கிட்டா?"

சுற்றி நின்ற பயல்கள் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. என் முட்டியைப் பற்றி இவர்களுக்கு என்ன தெரியும்?

"டேய், இது சாதாரண முட்டியா? டாக்டர் படம் எடுத்துப் பாத்துட்டு, 'தேய்மானம், இனிமே படி ஏறாதீங்க, குதிரை ஏறாதீங்க'ன்னாரு. மடக்கிக் காட்டச் சொன்னாரு. மடக்கினேன். டொக்குன்னு ஒரு சத்தம்! நாம நாக்க மேல ஒட்டி டொக்குன்னு எடுத்தா குதிரை நடக்குமில்ல? என் முட்டி போட்ட சத்தத்துல ஆஸ்பத்திரிக்கு வெளிய நின்ன பதினோரு குதிரையும் கிளம்பிருச்சு. பழனி அடிவாரத்துல போய்த்தான் புடிச்சாங்க."

"ஆஸ்பத்திரி வாசல்ல பதினோரு குதிரை எதுக்கு நின்னுச்சு?"

"அதுங்களுக்கு என்ன சீக்கோ, நான் கேக்கல. குறுக்க பேசாத."

பவளக்கொடி காலி டம்ளரை வாங்கிக்கொண்டாள். "எண்ணெய் கிண்ணெய் தேய்ச்சுப் பாக்கலையா அண்ணே?"

"தேய்க்காம? குதிரைக் காலுக்குப் போடுற தைலத்தையே எடுத்துத் தேய்ச்சேன். மூணு நாள்தான். ராத்திரி நின்னுக்கிட்டே தூங்குறேன். வீட்டுல சோறு வச்சா பிடிக்கல, கொள்ளு கேக்குறேன். ஞாயித்துக்கிழமை பூசையில முட்டி போடப் போனா, காலு தானா பின்னால ஒரு உதை விட்டுச்சு பாரு, பின்னால நின்ன கோயில்பிள்ளை, அதான் மணியடிக்கிறவரு, பறந்துபோய்ப் பாட்டுப் பாடுற மேடையில விழுந்தாரு. அங்கேயே ஒரு பாட்டும் பாடிட்டு இறங்கினாரு."

"பாட்டு நல்லா இருந்துச்சா?"

"உதை வாங்காம பாடுறதுக்கு இது எவ்வளவோ மேல்."

காதர் விடவில்லை. "அதெல்லாம் சரிண்ணே. ஏறுறது எப்படி? எல்லாக் குதிரையும் இடப்பக்கம் ஏறித்தான பழக்கம். உங்களுக்கு இடது முட்டிதான அவுட்டு?"

கேட்டானே ஒரு கேள்வி! எனக்கே அப்போதுதான் விஷயம் பிடிபட்டது.

"அதனாலதான் போன வாரம் வலப்பக்கமா ஏறினேன். தாசில்தாரு பொறந்ததுலேருந்து அந்தப் பக்கம் ஒருத்தன் ஏறிப் பாத்ததில்ல. குழம்பிப்போச்சு. முன்னால இருக்கிறது வாலு, பின்னால இருக்கிறது மூஞ்சின்னு நெனச்சுக்கிட்டு பின்னாலேயே நடக்க ஆரம்பிச்சுருச்சு. அப்புறம் ஓட்டம். ஏரிய ஒரு சுத்து, அஞ்சு கிலோமீட்டர், அத்தனையும் பின்பக்கமா! என்ன வேகம்ங்கிற! எதிர்ல வந்த காத்துக்கு எந்தப் பக்கம் அடிக்கிறதுன்னு தெரியல. பின்னாலேயே போனதுல நேரமும் பின்னால போயிருச்சு. கிளம்பினது ஒம்பது மணி. சுத்தி முடிச்சு வந்து பாத்தா மணி எட்டே முக்கால்."

"அல்லா!" என்றான் காதர்.

"இன்னும் கேளு. இங்க, இதே இடத்துல, ஒருத்தன் குதிரையில ஏற முடியாம முட்டியப் புடிச்சுக்கிட்டு நிக்கிறான். யாருன்னு பாத்தா, நான்தான். எட்டே முக்காலுக்கு நான் இன்னும் ஏறலையே! பாவமா இருந்துச்சு. மேல இருந்தபடியே கையக் குடுத்து என்னைத் தூக்கி ஏத்தி விட்டேன். இப்பச் சொல்லு, பிறர் உதவியில்லாம ஏறணும்னுதான விதி? எனக்கு நானே கை குடுத்தா அது பிறர் உதவியா?"

அந்த நேரத்தில்தான் ஜீப் வந்து நின்றது.

சந்தியாகு வழக்கம்போல் ஜன்னலுக்கு வெளியே தலையை மட்டும் நீட்டினான். மடியில் நோட்டு.

"லூயிஸு, இறங்கு. என் கண்ணு முன்னால ஏறிக் காட்டு."

நான் காலையில் ஏறிவந்த சர்ச் மதில் அரைக் கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. இங்கே இறங்கினால் பிறகு ஏற்றம் கிடையாது. சட்டையில் குத்தியிருந்த வில்லையைத் தொட்டுப் பார்த்தேன். அதன் ஓரமெல்லாம் தேய்ந்து வழவழப்பாகிவிட்டது. சாகும்போதும் அது என் சட்டையில் இருக்க வேண்டும் என்று நினைத்திருந்தவன் நான்.

ஆத்திரத்தில் வாய்க்கு வந்ததைச் சொன்னேன். "அங்கேருந்து பாத்தா உனக்கு என்ன தெரியும்? அப்புறம் ஏமாத்திட்டேன்னு சொல்லுவ. கிட்ட வந்து நின்னு பாரு. நீ இறங்கு, நானும் இறங்குறேன்."

"இறங்க மாட்டேன்னு நெனச்சியா?" என்று சந்தியாகு கதவைத் திறந்தான். ஒரு காலை வெளியே நீட்டினான். மடக்கிக் கீழே ஊன்றப் போனான்.

டொக்.

வரிசையில் நின்ற பதினோரு குதிரையும் ஓர் அடி முன்னால் வைத்தன. வாயில் ஒன்றும் வைக்காமலே தாசில்தாரும் நகர்ந்தது.

காதர் என்னைப் பார்த்தான். நான் சந்தியாகுவைப் பார்த்தேன். அவன் முகம் வெள்ளைத்துணி மாதிரி இருந்தது. காலை இரண்டு கையாலும் தூக்கி உள்ளே வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டான்.

தாசில்தாரை ஜீப்புக்குப் பக்கத்தில் விட்டுக் குனிந்து கேட்டேன். "எத்தனை மாசமா?"

"எட்டு."

"இடதா?"

"ரெண்டும்."

பிறகு அவன் நோட்டைப் பிரித்து, ஒன்றாம் நம்பருக்கு நேராக, 'குதிரைமேல் இருக்கக் கண்டேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான். அதுவும் பொய்யில்லையே.

"ரெண்டு பேரும் இறங்க வேணாம்," என்றாள் பவளக்கொடி. "இருக்கிற இடத்துக்கே டீ வரும்."

ஜன்னல் வழியாக அவனுக்கு ஒன்று, மேலே எனக்கு ஒன்று. குடித்தோம். ஜீப் போய்விட்டது. வில்லை இன்னும் என் சட்டையில்தான் இருக்கிறது.

ஆனாலும் அவன் புத்தியைப் பாருங்கள். எனக்கு ஒரு முட்டி என்றால் அவனுக்கு இரண்டாம். புளுகன்!